ஆறா, ஒம்பதா

கும்பிட வரல சார், சும்மா வந்தேன். நீயே உள்ள போயிட்டு வான்னு உங்க வீட்டம்மாவை அனுப்பிட்டு நீங்க இங்கயே நின்னுட்டீங்க பாருங்க, அப்பவே நெனச்சேன், இவரும் நம்ம மாதிரி ஆளுதான்னு. வரிசை நீளமா இருக்கு, அவங்க வர ஒரு மணி நேரம் ஆகும். உக்காருங்க. என்ன, அந்தத் தடுப்புக் கயித்தையா பாக்குறீங்க? ஆமா, பேப்பர்ல வந்த இடம் அதேதான். உத்திரக்கல்லு விழுந்து ஒரு அம்மா செத்துப்போனாங்கல்ல, அந்தக் கேஸ்ல உள்ள இருக்கறவன் என் தம்பி. நாளைக்குத் தீர்ப்பு.

அட, நீங்க எதுக்கு சார் பதறுறீங்க. எனக்கு யார்கிட்டயாவது பேசணும்போல இருக்கு, அவ்வளவுதான்.

இந்த மண்டபத்தைப் பிரிச்சு மாட்டுனதே நாங்கதான். சிரிக்காதீங்க, நெசமா. ஆயிரம் வருஷமா நின்ன மண்டபம் ஒரு பக்கமா எறங்கிருச்சு, அடியில மண்ணு சரியில்ல. ஒவ்வொரு கல்லா எறக்கி வெச்சுட்டு, அடியைக் கெட்டிப்படுத்திட்டு, அதே கல்லை அதே எடத்துல திரும்ப வைக்கணும். எது எங்க இருந்துச்சுன்னு தெரியணுமே, அதுக்குத்தான் நம்பர். வெள்ளைப் பெயிண்டுல கல்லோட முனையில எழுதுவோம். வெச்சு முடிச்சா அந்த முனை பக்கத்துக் கல்லோட ஒட்டிக்கும், வெளிய தெரியாது. நம்பர் போட்டது நான். கல்லு வெச்சது தம்பி.

அவனுக்கு ரசமட்டம்னு பேரு வெச்சிருந்தாங்க வேலையாளுங்க. ஒரு நூல் சாய்ஞ்சாலும் விட மாட்டான். வீட்டுல சோத்துத் தட்டு ஆடுச்சுன்னாக்கூட அடியில எதையாவது சொருகிட்டுத்தான் கை வைப்பான். அவன் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கும், உங்கண்ணன் தட்டு ஆடலையா, அவரு திங்கலையான்னு. எனக்கென்ன சார், ஆடுனா ஆடட்டும்னு தின்னுட்டுப் போயிடுவேன். நான் அப்படி, அவன் அப்படி.

எங்க தொழில்ல ஆறும் ஒம்பதும் சனியன் சார். செயின்ல தொங்கிட்டு வர்றப்ப கல்லு அப்படியும் திரும்பும், இப்படியும் திரும்பும். ஆறைத் தலைகீழாப் பாத்தா என்ன? அதான். அதனால அந்த ரெண்டு நம்பருக்கும் அடியில ஒரு கோடு இழுத்துடணும். கோடு இருக்கற பக்கம் கீழ. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.

ஒம்பதாம் நம்பர்ல பழைய விரிசல் ஒண்ணு. அது இருந்த எடத்துல கீழ முழுக்க சுவரு, அதனால அது பாட்டுக்குப் படுத்துக் கெடந்துச்சு. ஆறு அப்படி இல்ல, ரெண்டு தூணுக்கு நடுவுல, கீழ ஒண்ணுமில்லாம நிக்கணும். தம்பி ஒம்பதைக் கொண்டுபோய் ஆறுல வெச்சுட்டான். மிச்சம் இருந்த கல்லைத் திருப்பி ஒம்பதுல வெச்சான். ரெண்டும் ஒரே அளவு, கச்சிதமா ஒக்காந்துச்சு, அவனும் மட்டம் பாத்து சரின்னுட்டான். சீக்காளி தலையில மூட்டையை ஏத்துன கதைதான். ரெண்டு மாசம் தாங்குச்சு. அப்புறம் ஒரு நாள் நல்ல மழை. அந்த அம்மா புடவை நனையாம இருக்க உள்ள வந்து ஒதுங்கி நின்னாங்க. அவ்வளவுதான் சார். பாவம், என்ன பாவம் பண்ணுனாங்க அவங்க?

என்ன கேட்டீங்க? கோடு இல்லையான்னா? இருந்துச்சே. ஒடஞ்ச துண்டைப் போட்டோ புடிச்சுக் கோர்ட்டுல காட்டுனாங்க, ஒம்பது, அடியில கோடு, பளிச்சுன்னு. கவர்மெண்டு வக்கீல் என்னையக் கூண்டுல ஏத்தி, இது நீங்க போட்டதான்னாரு. ஆமாங்கன்னேன். அப்புறம் தம்பிகிட்ட, கோட்டைப் பாத்தியா இல்லையான்னு கேட்டாரு. பாத்த ஞாபகம் இல்லைங்க, ஆனா எங்கண்ணன் போடாம விட மாட்டான், நான்தான் கவனிக்காம வெச்சிருப்பேன்னான். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்றான் சார்.

அவன் பொண்டாட்டிதான் நம்ப மாட்டேங்குது. சோறு போட்டுட்டு எதிர்ல உக்காந்துக்கும். ஏன் மாமா, கோட்டைப் பாக்காம கல்லு வைக்கற ஆளா அவருன்னு கேக்கும். தெனமும் கேக்குது. எனக்கு அந்தச் சோறு எறங்கவே எறங்காது. அதுவும் எந்திரிச்சுப் போயிரும். சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டுப் போடும். நாளைக்கு எத்தனை வருஷம்னு சொல்லுவாங்களோ. அஞ்சு வரைக்கும் வரும்ங்கறாரு எங்க வக்கீல். அஞ்சு வருஷம் அந்தத் தட்டுல நான் எப்படி சார் திங்கறது?

அந்தா, உங்க வீட்டம்மா வர்றாங்க போல. இல்லையா? சரி சரி, வேற யாரோ.

கோடு அன்னிக்கே போட்டிருக்கணும். பெயிண்டு தீந்துபோச்சு சார். முன்னூறு கல்லுக்கும் நம்பர் போட்டாச்சு, கோடு இந்த ரெண்டுக்குத்தானே பாக்கி, காலையில இழுத்துக்கலாம்னு விட்டேன். காலையில வந்தா அதுக்கு மேல பத்துக் கல்லு அடுக்கியிருந்தாங்க. அப்புறம் மறந்தே போச்சு. இன்னொரு கல்லு அந்தா, சுவத்து மேல இருக்கு பாருங்க. அதுல இன்னிக்கும் கோடு கெடையாது. அதை யாரு எறக்கிப் பாக்கப் போறாங்க?

விழுந்த கல்லுல எப்படி வந்துச்சுன்னா? விழுந்தப்ப பக்கத்து மண்டபத்துல வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு, பெயிண்டு பிரஷ் எல்லாம் கைக்கெட்டுற தூரத்துலதான். தம்பிதான் மொதல்ல ஓடுனான், அந்த அம்மாவைத் தூக்க. எல்லாரும் அவன் பின்னாலயே ஓடுனாங்க. நான் டப்பாவை எடுக்க ஓடுனேன். போலீஸ் வர இருவது நிமிஷம் ஆச்சு சார். அதுக்குள்ள காஞ்சிருச்சு.