நல்ல ஆமிக்காரன்

தொண்ணூறுகளில் ஒரு மாலை. கனடாவில், மோர்னிங்சைட் பக்கம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர். இளையவரின் மடியில் திராட்சைப் படம் போட்ட பிரண்டிப் போத்தல்.

"ஆமிக்காரன் தந்தது, அண்ணை. தங்கமான மனுசன்."

ஊரில் ஆமிக்குத் தப்பி வந்து அந்த பஸ்ஸில் இருந்த தமிழ்த் தலைகள் எல்லாம் திரும்பின. என்னுடையதும்தான்.

"எந்த ஆமிக்காரன், தம்பி?"

"எங்கட முதலாளி. கனடா ஆமியிலை மேஜராய் இருந்தவர். இப்ப நயாகராவிலை முந்திரிகைக் கொடி வளத்து, அந்தத் திராட்சைப் பழத்திலை பிரண்டி வடிக்கிறார்."

"உமக்குப் பயமில்லையோ?"

"முதல் நாள் பழைய ஆமிச் சட்டையோடை வந்து, வேலை பிரிக்கிறதுக்கு எங்களை வரிசையிலை நிக்கச் சொன்னார். நான் என்னை அறியாமல், ஊரிலை ஆமிச் செக்பொயின்ரிலை நிண்ட மாதிரி, ஊர் அடையாள அட்டையை எடுத்து நீட்டிப்போட்டன்."

"அவர் என்ன செய்தவர்?"

"அட்டையைப் பாத்தார், என்ரை முகத்தைப் பாத்தார், ரெண்டு கையாலையும் திருப்பித் தந்தார். அடுத்த நாள் அந்தச் சட்டை, குருவி கலைக்க நட்ட வெருளியிலை கிடந்தது."

"இப்பவும் கிடக்கோ?"

"ஓம். அதின்ரை நிழலிலை இருந்துதான் மத்தியானம் சாப்பிடுறனான்."