துப்பாக்கி சுற்றிய துணி

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு வங்கிக் காவலாளியும் அவர் மனைவியின் தம்பியும் இருந்தார்கள். மனைவி வரவில்லை.

“துப்பாக்கிக்கு வெளக்கெண்ணெயா போட்டீக அத்தான்?” என்று தம்பி கேட்டதும் புத்தகத்தை மூடினேன்.

“ஏலே, பட்டாளத்துக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? துப்பாக்கி எண்ணெயத்தான் மெலிசாத் தடவுனேன்.”

“பெறகெப்படித் துருப்பிடிச்சுச்சு?”

“நான் கால் ஒடிஞ்சு கெடந்த ரெண்டு மாசமும், தூசி படக்கூடாதுன்னு ஒங்கக்கா துணி சுத்தி வச்சிருக்கா. அவ வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில மருந்துக் கையத் தொடைக்கிற துணி அது. அந்த மருந்துல இருக்குற உப்பு ஈரத்த இழுத்து, குழலு பூரா குழிகுழியா அரிச்சிருச்சு.”

“ரிப்பேர் பாக்க முடியாதாமா?”

“சுட்டா நம்ம மூஞ்சியிலதான் வெடிக்கும்னு துப்பாக்கிக் கடைக்காரரு சொல்லிட்டாக. சுடுற சொந்தத் துப்பாக்கி இருந்தாத்தான் பேங்குல வேலை.”

“அக்காளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா சோறு எறங்காது அவளுக்கு. நான் எண்ணெய் போட மறந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு.”

தம்பி தலையாட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“புதுசு எம்புட்டு அத்தான்?”

“பென்சன்ல கடன் போட்டுக் கட்டிட்டேன். தொண்ணூறாயிரம்.”