நாற்காலியை விட்டு எழாதே

என் வீட்டு மேசைகளின் முனைகளில் எல்லாம் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் கை ஊன்றியிருக்கும் இந்த மேசையிலும் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது அவசியம். என் தங்கை வீட்டில் அப்படி எதுவும் கிடையாது.

அவள் குழந்தையைக் கேட்டு மறுபடியும் மனு கொடுத்திருப்பதாகச் சொல்லி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் பாடம் குழந்தை வளர்ச்சியும் குடும்ப நலமும். ஏழு புத்தகங்களும் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிள்ளை கிடையாது. "எங்க அக்காவுக்கு ஏழு பிள்ளைங்க. எல்லாமே அட்டை போட்டது, அழவே அழாது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் தங்கை சொல்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

கணவர் இறந்த பிறகு அவளுக்கு மனம்விட்டுப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை. ஒருநாள் போனில் சொன்னாள்: "பாப்பா தூங்கிட்டிருந்தாக்கா. கதவைப் பூட்டிட்டு மருந்துக்கடைக்கு ஓடிட்டு வந்தேன். வந்து பாத்தா கதவுக்குப் பின்னாடி நின்னு ஏங்கி ஏங்கி அழறா. இன்னும் அவளை இடுப்பை விட்டு இறக்கல."

"விடு, குழந்தைங்க மறந்துடும்" என்றேன். போனை வைத்துவிட்டுக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. தெரிந்தால் அவள் மனம் நோகும்.

குழு தாயையும் குழந்தையையும் எங்கள் துறைக்கே பரிசோதனைக்கு அனுப்பியது. உறவு என்பதால் நான் ஒதுங்கிக்கொண்டேன். என் பழைய மாணவி நடத்தினாள். எளிய சோதனைதான். பொம்மைகள் உள்ள அறையில் இருவரும் விளையாடுவார்கள். தாய் வெளியே போவாள், குழந்தை அழும், தாய் திரும்பி வருவாள். அந்த நொடியில் இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து படம் எடுப்போம்.

சோதனைக்கு முதல் நாள் தங்கை என் சமையலறையில் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் என்னக்கா பண்ணணும்? நீ சொல்றபடியே பண்றேன்."

"திரும்பி உள்ள போனதும் நாற்காலில உட்காரு. எழுந்திருக்காத. அவ முகத்தைப் பாக்காத."

"அழுவாளேக்கா."

"அழட்டும். ஓடிப்போய்த் தூக்கினா நீ நடிக்கிறதா எழுதிடுவாங்க. அப்புறம் பிள்ளை உனக்கில்ல."

நம்பினாள். செருப்புக்கு வார் போடக்கூட அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தவள்.

படத்தைப் பிறகு பார்த்தேன். குழந்தை கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. தங்கை சுவரைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கை தன்னையறியாமல் நீண்டுவிடும் என்று பயந்திருக்கிறாள். அறிக்கையில் அது இல்லை. 'தாயிடம் எந்த உணர்வும் தென்படவில்லை' என்றுதான் இருந்தது.

"இப்படி ஒரு அம்மாவை நான் பாத்ததே இல்ல மேடம்" என்று மாணவி கண்ணைத் துடைத்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

குழுவின் முன்னால், "அக்காதான் அப்படி உட்காரச் சொன்னா" என்றாள் தங்கை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவள் தோளில் கை வைத்து, "பாவம், யார் மேலயாவது பழி போட்டாத்தான் அவளுக்கு ஆறும்" என்றேன். அடுத்த நெருங்கிய உறவு என்ற முறையில் குழந்தையை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

அவள் சொன்னது உண்மைதான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குழந்தையின் நலனையும் சேர்த்து எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுகிறாள், வேளைக்குத் தூங்குகிறாள். வந்த புதிதில் கதவருகே நின்று அழுதாள்; இப்போது அழுவதே இல்லை. நான் வேலை முடிந்து வரும்போது தன் சின்ன நாற்காலியில் அசையாமல் இருப்பாள். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருக்கும்.

மனம் ஒடுங்கி அப்படி உட்காரும் குழந்தைகளைப் பற்றி என் புத்தகம் ஒன்றில் தனி அத்தியாயமே இருக்கிறது. அதை எழுதியவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், இவள் அந்த வகை இல்லை.