ரெட்டைக் கண்ணாடி

வடபழனி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். புது வீடு கட்டுகிறார்கள்.

"தூங்குறதுக்கு யாராவது இவ்ளோ செலவு பண்ணுவாங்களா?" என்றார் கணவர்.

"பொண்ணு ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு பகல்லதாங்க தூங்கணும். தெருச் சத்தத்துல கண்ணே மூட முடியலைன்னு அழறா. அவ ரூம் ஜன்னலுக்கு மட்டும் ரெட்டைக் கண்ணாடி போடுங்க. சத்தமும் வெயில் சூடும் உள்ள வராதாம்."

"கல்யாணமாகிப் போறவளுக்கு ஒத்தைக் கண்ணாடி போதும்."

"அவ போனா அந்த ரூம் யாருக்கு?"

"எனக்குத்தான். ரிட்டயர் ஆனா மத்தியானம் படுக்கணும்ல."

"அப்ப அந்தச் சத்தமும் உங்களுக்குத்தான்."

கோடம்பாக்கம் பாலம் இறங்கியதும் அவர் இன்ஜினீயருக்குப் போன் செய்தார்.

"சார், அந்த ரூமுக்கு ரெட்டைக் கண்ணாடியே போட்டுடுங்க. பொண்ணு பாவம், தூக்கமே இல்ல."