பயிற்சிப் படி

செவ்வாய்க்கிழமைகளில் நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. பயிற்சிக் கட்டிலின் தலையணையில் பிசுக்குப் பிடித்தால் அடுத்த ஆளுக்கு அருவருப்பாக இருக்கும்.

அப்படியெல்லாம் யோசிக்கிற பிள்ளை நான். நாளைக்கு விசாரணை. அதற்கு முதல் இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினாலு வயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டேன். இப்போது பதினாறு. எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் ஐயாத்துரை சேரிடம் பிசியோ படிக்கிற மாணவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு ஆறு பேராகப் பழக வருவார்கள். எட்டுக் கிழமை நிற்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சேர் முதலில் காட்டுவது என் காலைத்தான். குளிர்ந்த கைகளால் தொட்டு, என் தலைக்கு மேலால் இங்கிலிசில் கதைப்பார்கள். ஒருவருக்கும் என் பெயர் தேவைப்படவில்லை.

"இந்தக் காலைத் தொண்ணூறு பாகைக்கு மேலை மடக்கிறவைக்குத்தான் என்ரை கையெழுத்து" என்பார் சேர்.

மடக்க விடுவதா இல்லையா என்று தீர்மானித்தது நான். தொடையைக் கொஞ்சம் இறுக்கினால் போதும், மூட்டுத்தான் இறுகிக் கிடக்கிறது என்று நினைப்பார்கள். கையைச் சூடாக்கிவிட்டுத் தொட்டவர்களுக்கு இளக்கிக் கொடுத்தேன். 'கேஸ்' என்று கூப்பிட்டவர்களை எண்பதோடு நிறுத்தினேன். ஒருவன் அழுதான். பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகினான்.

விதுசன் என்ற மாணவனுக்கு, கையை எங்கே வைப்பது என்று நான்தான் திருத்திச் சொன்னேன்.

"சேரை விட உமக்குத்தான் பாடம் கூடத் தெரியும், ரீச்சர்" என்றான். மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சரியாகத்தானே சொன்னான்.

சேரின் முதல் நாள் பாடமும் எனக்கு மனப்பாடம். "கட்டிலிலை கிடக்கிற ஆளை நம்பலாம். கதிரையிலை இருக்கிற ஆளை நம்பலாம். படியிலை நிக்கிற ஆளை மட்டும் தனிய விட்டிட்டுப் போகப்படாது, பிள்ளையள்."

கடைசிக் கூட்டத்தில் நிசாந்தினி அக்கா வந்தார். கைகளை உரசிச் சூடாக்கிவிட்டுத் தொட்டார். ஆனால் ஒரு உள்ளங்கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அதுவரை ஒருவரும் அப்படி வைத்ததில்லை.

"டிலக்சனா, நீர் இறுக்கிறீர், என்ன?"

"இல்லை அக்கா."

"எனக்குக் கை சொல்லுது. உம்மடை மூட்டு நல்லாத்தான் இருக்கு. நான் சேரோடை கதைக்கிறன். இனி இஞ்சை அலையத் தேவையில்லை, பள்ளிக்கூடம் போகலாம் எல்லோ?"

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சிரித்தார். என் வகுப்புக்காரர் சோதனை எழுதி முடித்துவிட்டார்கள். நான் போனால் சின்னப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருக்க வேண்டும். வீட்டில் அப்பாவுக்கு வலை, அம்மாவுக்கு மாடு. என் கால் எத்தனை பாகை மடிகிறது என்று அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? இதை அவருக்கு விளங்கப்படுத்த முயன்றேன். அவர் கேட்கவேயில்லை.

போன செவ்வாய் பயிற்சிப் படியில் ஏறச் சொன்னார். மூன்று படி. கம்பியைப் பிடிக்காமல் ஏறிக் காட்டினேன்.

"ஐயோ, அப்பிடியே நில்லும்! சேரைக் கூட்டிக்கொண்டு ஓடியாறன்."

சந்தோசத்தில் ஓடிவிட்டார். நான் பாவாடை அழுக்காகாமல் தூக்கிப் பிடித்தேன். முழங்காலை மடித்தேன். நன்றாகவே மடிந்தது. அப்படியே சீமெந்துத் தரையில் விழுந்தேன்.

சேர் என்னைப் பார்க்க முதல் அவரைத்தான் பார்த்தார். "முதல் நாள் என்ன சொன்னனான்?"

"இப்பதான் சேர்... வடிவா ஏறினவ..."

"தனிய விட்டிட்டே போனவ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் சேர். ஏலாது எண்டு சொன்னனான்" என்றேன். முதல் பாதி உண்மை.

அக்காவுடைய பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். நேற்று வாட்டுக்கு வந்து என் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "நாளையிண்டைக்கு உள்ளதைச் சொல்லும், டிலக்சனா" என்று என் கையைப் பிடித்தார். முதன்முறையாக அவர் கை குளிர்ந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சேரின் பாடத்தை மறந்தது அவர்தானே. அதைத்தான் நாளைக்கும் சொல்வேன்.

முழங்கால் சில்லு மூன்றாக உடைந்திருக்கிறதாம். ஒப்பரேசன் செய்து, பிறகு இரண்டு வருசம் பயிற்சி என்கிறார் சேர். தை மாதம் புதுக் கூட்டம் வருகிறது. அவர்களுக்கு நான் வேண்டும்.

ஒன்றை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நிசாந்தினி அக்காவைப்போலக் கெட்டிக்காரர் இன்னும் ஒருவர் வந்தால் என்ன செய்வது? எனக்கு இன்னும் ஒரு முழங்கால்தான் மிச்சம் இருக்கிறது.