சீலை கட்டின மீன்

மொன்றியல் மெட்ரோவில், எதிர் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள்.

"மீனுக்குச் சீலை கட்டி, மூக்குத்தியும் போட்டிருந்தவை, அக்கா."

"கலியாண வீட்டிலையோ?"

"ஓம். என்னோடை வேலை செய்யிற வங்காளப் பிள்ளையின்ரை கலியாணம். நான் தலை தோய்ஞ்சு, மச்சம் சாப்பிடாமல் சைவமாய்ப் போனன். மாப்பிள்ளை வீட்டார் சீராக் கொண்டந்த மீனை என்ரை கையிலை தந்திட்டினம்."

"நீ என்ன செய்தனீ?"

"சரியான வடிவு, எங்கடை கலியாணங்களிலை இப்பிடி இல்லையே எண்டு மரியாதைக்குச் சொன்னன்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது! நாளைக்குக் கோயிலிலை தம்பியின்ரை கலியாணம். அவளும் வாறாள்."

நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தது. இறங்கவில்லை.

இளையவளின் ஃபோன் சிணுங்கியது. பார்த்தவள் நெற்றியில் கைவைத்தாள்.

"மீன் வாங்கிட்டாளாம், அக்கா. கலியாணப் பொம்பிளையின்ரை கூறைச்சீலை என்ன நிறமெண்டு கேக்கிறாள். மீனுக்கும் அதே நிறத்திலை கட்டவாம்."