கோர்சேரின் இடது இறக்கை

உங்கள் ஸ்டேஷன் காப்பியில் சிக்கரி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை. இந்த ஊரில் எதையும் கலக்காமல் கொடுக்க யாருக்கும் மனது வருவதில்லை. இன்னொரு டம்ளர் வேண்டாம், உட்காருங்கள், நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளும்.

நீங்கள் எழுதிவைத்த அறிக்கையை உங்கள் ஏட்டையா எனக்குப் படித்துக் காட்டினார். ஆயுதபூசையன்று லட்சுமணசாமியின் தோட்டத்துக் கொட்டகையில், பழைய போர் விமானத்தின் இறக்கை தானாக இறங்கியதால் ஏற்பட்ட விபத்து மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம், இறக்கையைத் தாங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய்க் கசிவு. உங்களுக்குத் தெரிந்த லாரி மெக்கானிக் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னாராம். லாரிக்கு பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறவர் சொன்னதை நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அந்தச் சிலிண்டரைப் பிரித்து, கழுவி, எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் மாற்றிப் பூட்டியவன் நான். அதில் ஒரு சொட்டு கசியவில்லை. அதைச் சொல்லத்தான் பஸ் பிடித்து வந்தேன்.

முதலில் அது என்ன விமானம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் 'மிக்' என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னோரிடத்தில் 'ஹெலிகாப்டர் வகை' என்று இருக்கிறது. அது கோர்சேர். இரண்டாம் உலகப் போரில் கப்பலின் முதுகிலிருந்து கிளம்பிய சண்டை விமானம். கப்பலில் இடம் நெருக்கடி என்பதால் அதன் இறக்கைகள் பாதியில் மேல்நோக்கி மடங்கும். போர்க்காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இங்கே, நம் சூலூர்ப் பக்கம் விமானங்களைக் கொண்டுவந்து பழுது பார்த்தது. போர் முடிந்ததும் திருப்பி எடுத்துப்போக ஆளில்லாமல் பலவற்றை வெட்டிப் போட்டார்கள். ஒன்றை மட்டும் முழுசாக வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், சோம்பேறித்தனத்தால் இருக்கும். லட்சுமணசாமியின் அப்பா அதை மாட்டுவண்டிகளில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. சும்மா கிடைக்கிறது என்றால் பீரங்கியையும் வண்டியில் ஏற்றுகிற ஜனங்கள். பிறகு வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு பாகமாகக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

நான் பம்ப்செட் கம்பெனியில் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தவன். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவருவதைத் தவிர வேறெதற்கும் மூளையைச் செலவழிக்க வேண்டாத வேலை. அதை விட்டுவிட்டு இந்த விமானத்தின் பாகங்களைத் தேடி இந்த ஜில்லா முழுக்க அலைந்தேன். மதுக்கரைப் பக்கம் ஒரு வீட்டில், விமானி தலைக்கு மேல் இருக்க வேண்டிய கண்ணாடிக் கூண்டைக் கவிழ்த்துப்போட்டு ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் அதன் சக்கரக் கால் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. சரவணம்பட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இடது இறக்கையை வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டிருந்தார்கள். எருமை அதன்மேல் நடந்து போனது. போன இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள், ஏனுங்க என்றார்கள், சாப்பிட்டுப் போங்க என்றார்கள். தங்கள் வீட்டில் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை மரியாதையையும் இத்தனை அறியாமையையும் ஒரே முகத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

உடம்பு மட்டும் லட்சுமணசாமியின் கோழிக் கொட்டகையில் கிடந்தது. விமானி உட்காரும் குழியில் கோழிகள் அடை காத்தன. அவர் மனைவி மயிலாத்தாள் அதற்குள் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார். அவ்வளவு நாளும் அதை எடைக்குப் போடவிடாமல் தடுத்தவர் அந்த அம்மாள்தான் என்று லட்சுமணசாமி பெருமையாகச் சொன்னார். கோழிக்கு நரி பயமில்லாத இடம் அது ஒன்றுதானாம். கடல்மேல் சண்டை போட்ட ஒரு விமானம் பிழைத்துக் கிடந்த காரணம் இதுதான். எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை.

அந்தம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் விமானியின் இருக்கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். மேலே மேலே வைத்து, காய்ந்து, தோல்போலத் தடித்துக் கிடந்தது. நான் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க இஞ்சினியரே, இதுல உக்காந்து ஓட்டுன பையன் என்ன ஆனானுங்க?"

தெரியாது என்றேன்.

"ஊடு போயிச் சேந்திருப்பானுங்களா?"

தெரியாது என்று மறுபடியும் சொன்னேன்.

"சேந்திருப்பானுங்க" என்றார். "கண்ணாலமாகி, பேரம்பேத்தி எடுத்திருப்பான். நாந்தான் வாராவாரம் வேண்டிக்கிறனுங்களே."

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் நான் வேலை செய்தேன் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் தினமும் எனக்குச் சோறு கொண்டுவந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். அரிசியும் பருப்பும் சாதம், கூட நெய். நன்றாகத்தான் இருக்கும். சோறு கொண்டுவரும் தூக்குப்போசியை எஞ்சின் மூடியின்மேல் வைக்காதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சரிங்க சரிங்க என்பார், மறுநாள் அங்கேயே வைப்பார்.

வேலை முடியும் கட்டத்தில் லட்சுமணசாமி தன் திட்டத்தைச் சொன்னார். இந்த ஜில்லாவில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர்களெல்லாம் பொறியியல் கல்லூரி திறக்கும் காலம் இது. அவரும் தென்னந்தோப்பை மொட்டையடித்துக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். கல்லூரி வாசலில் ஒரு கான்கிரீட் தூண். அதன் உச்சியில் என் கோர்சேர். காற்றில் விழாமலிருக்க அடிவயிற்றைத் துளைத்து இரும்புக் குழாய். மூக்கில் அவருடைய அப்பா பெயர். இறக்கை ஓரமெல்லாம் சீரியல் பல்பு. நீலம் மங்கலாக இருக்கிறது, மஞ்சள் அடித்தால் ரோட்டிலிருந்து எடுப்பாகத் தெரியும் என்று பெயிண்டர் சொன்னாராம்.

வேண்டாம் என்றேன். வெயிலும் மழையும் பட்டால் அலுமினியம் பொரிந்துபோகும், கூரைக்குக் கீழே வையுங்கள் என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். "ஆனா பாருங்க, காலேஜுன்னா வாசல்ல ஒரு அழகு வேணுமில்லீங்களா? நீங்க கோவிச்சுக்கப்படாது."

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். இந்த ஊர் மனிதர்களோடு சண்டை போட முடியாது. நீங்கள் சொல்வதுதான் சரி என்று கையைப் பிடித்துக்கொண்டே தாங்கள் நினைத்ததைச் செய்துவிடுவார்கள். அடுத்த வாரமே தூணுக்குக் குழி தோண்டினார்கள். அன்று மாலை அந்தக் குழியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் லட்சுமணசாமி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் மிஞ்ச முடியும் என்றால் எது அரிது என்று பார்த்தேன், அவ்வளவுதான். அவரைப் போன்றவர்கள் அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்குப் பஸ் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி ஆயுதபூசை. கொட்டகையின் கூரை தாழ்வு. அதனால் இறக்கைகளை முழுக்க மடக்க முடியாமல், வெளிப்பக்கம் சாய்ந்த நிலையிலேயே நிறுத்தியிருந்தோம். உள்ளே சிலிண்டரின் அழுத்தம் தாங்கும். அதற்கும் மேல் ஒரு காவலாக, இறக்கைக்கு ஒன்றாகத் தரையிலிருந்து இரும்புக் குழாயில் முட்டுக்கொடுத்திருந்தேன். முட்டு இருக்கும்வரை யாரும் எதையும் கீழே இறக்க முடியாது.

பூசைக்குச் சுத்தியல், ஸ்பானர், துளைபோடும் மெஷின் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்பார்கள் அல்லவா? காலையில் அந்த இடது இறக்கையின் முட்டுக் குழாயையும் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையில் நானே வைத்தேன். பொரி, அவல், வாழைப்பழம், பக்கத்தில் முட்டு. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடித்து எடுக்கும்வரை இங்கே ஒருவரும் தொடமாட்டார்கள். ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடமாட்டார்கள். வீடு தீப்பிடித்தால் மண்வெட்டியை எடுக்கலாமா என்று யோசிப்பார்கள். இதை நான் எங்கும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, சின்ன வயதிலிருந்தே பார்த்து வெறுத்தது.

லட்சுமணசாமி அதைக் கவனித்தார். அவர் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தவறு. சலவை வேட்டியில் வந்து, பூசை வரிசையைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார்.

"முட்டு இல்லாம நிக்குமுங்களா?"

"நிக்கும்" என்றேன். "வேணுமின்னா எடுத்து மாட்டிடட்டுமா?"

"அய்யோ, வெச்சதை எடுக்கப்படாதுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அப்ப நான் மேல உக்காந்து பிரஷரைப் பாத்துக்கறேன்."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்" என்றார்.

கண்ணெதிரே ஆபத்தைப் பார்த்துவிட்டு, சந்தனப் பொட்டுக்காக அதை அப்படியே விட்டுவிட்டார். இந்த மனிதர்தான் பொறியியல் கல்லூரி நடத்தப்போகிறவர்.

விமானி இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. தீபாராதனை ஆயிற்று. பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கடைசியாகச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். முதலாளிதான் வைப்பது அங்கே வழக்கம். இடது சக்கரம் சரியாக இறக்கை இறங்கும் இடத்தை ஒட்டியே இருக்கிறது. லட்சுமணசாமி பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். நான் வால்வைத் திறந்தேன்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. கல்லூரிக்கு அனுமதி வாங்கித்தரும் பெரிய மனிதர் யாரோ. லட்சுமணசாமி பாதியில் நின்று, பழத்தை மனைவி கையில் கொடுத்தார்.

"அம்மணி, நீ வெச்சுப்போட்டு வா. நான் அவரைக் கூப்புட்டு வாரேன்."

மயிலாத்தாள் வந்து சக்கரத்துக்கு முன்னால் குந்தினார்.

இங்கே நீங்கள் அவசரப்பட்டு எழுத வேண்டாம். எண்ணெய் சின்ன ஓட்டை வழியாக வெளியேற வேண்டியிருப்பதால் இறக்கை முதலில் மெதுவாகத்தான் அசையும். பிறகுதான் வேகம் பிடிக்கும். வால்வைத் திருப்பி மூட எனக்கு நேரம் இருந்தது. ஒரு குரல் கொடுக்கவும் நேரம் இருந்தது. கொட்டகைத் தரை லேசான சரிவு என்பதால் பழம் உருண்டுகொண்டே இருந்தது. அவர் அதைப் பிடித்துப் பிடித்து வைத்தார். நிமிர்ந்து பார்க்காமலே என்னைக் கேட்டார்.

"இஞ்சினியரே, இது நிக்கவே மாட்டேங்குதுங்க. கல்லு ஏதாச்சும் ஒண்ணு வெச்சு முட்டுக் குடுக்கட்டுங்களா?"

"வைங்க" என்றேன்.

அவர் கல் தேடி இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தார்.

ஏன் மூடவில்லை என்று கேட்பீர்கள். இறங்கிக்கொண்டிருக்கும் இறக்கையைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனை பாரமும் மடிப்பில் இருக்கும் கீலின்மேல் விழும். கீல் விரிசல் விடலாம். குரல் கொடுத்திருக்கலாமே என்றால், அவர் பதறி எழுந்து, கையை உயர்த்தி, இறக்கையின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார். அப்போதும் அது கோணலாக இறங்கிக் கீல் முறுக்கிக்கொள்ளும். விட்டுவிடுவதுதான் சரி. யோசித்துத்தான் விட்டேன். மயிலாத்தாள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அவர் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார்.

எல்லோரும் ஓடிவந்து இறக்கையைத் தூக்க முயன்றபோது நான் இறங்கிப்போய் முதலில் கீலைப் பார்த்தேன். நான் சிலிண்டரைச் சோதித்ததாக உங்கள் அறிக்கையில் இருப்பது அதைத்தான். ஒரு கீறல் இல்லை. நான் நினைத்தது சரிதான்.

மயிலாத்தாளின் காரியம் முடிந்த அன்று லட்சுமணசாமி என்னைத் தேடி என் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாமல், இளைத்துப்போய், உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க மேல தப்பில்லீங்க" என்றார். "பூசையில வெச்சதை எடுக்க வேண்டாமின்னு சொன்னவன் நான். பழத்தை அவ கையில குடுத்தவனும் நான். எம் பொண்டாட்டியை நானே கொன்னுபோட்டனுங்க. நெஞ்சு ஆறவே மாட்டேங்குதுங்க." அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூணும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், விமானத்தை நீங்களே எடுத்துப்போய்விடுங்கள் என்றார். நீங்கள் ஆசையாகச் செய்தது, அதன்மேல் பழி போடக்கூடாது என்று அவளே சொல்லியிருப்பாள் என்றும் சொன்னார்.

ஆக, நான் பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் விமானம் என்னுடையது. அதற்கு லாரி பேசியும் வைத்திருந்தேன். அப்போதுதான் உங்கள் ஏட்டையா கையெழுத்துக்காக வந்து அறிக்கையைப் படித்தார். சிலிண்டர் கசிந்தது என்று ஒரு காகிதம் காலத்துக்கும் இருக்கும். நாளைக்கு ஒருவன் அதைப் படித்துவிட்டு, இந்த விமானத்தைச் செப்பனிட்டவனுக்கு ஒரு சீல்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்பான். அதை என்னால் பொறுக்க முடியாது. எழுதிக்கொள்ளுங்கள்: சிலிண்டர் கசியவில்லை. வால்வைத் திறந்தவன் நான். லட்சுமணசாமியைக் கொல்லத் திறந்தேன். மயிலாத்தாள் என்று தெரிந்தும் மூடவில்லை.

விமானத்தை நீங்கள் சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் டிவிஎஸ் வண்டிகளோடு போடுவீர்கள். தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். ரத்தம் பட்ட இடத்தைச் சலவைச் சோடா போட்டுக் கழுவ வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். பச்சைத் தண்ணீர் போதும்.

ஒரு உயிரைவிட ஒரு கீல் பெரிதா என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. அசல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு அதை விளக்க முடியாது. அந்த விமானத்தில் ஒரு பாகத்தைக்கூட நான் மாற்றிப் போட்டதில்லை, சீல்களைத் தவிர. வாக்குமூலம் என்றால் முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் பாலத்திலிருந்து எடுத்தபோது அந்த இடது இறக்கையில் கீல் இல்லை, யாரோ அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது இருப்பது பீளமேட்டில் இரும்பு வாங்கி நானே கடைந்து போட்டது. அசலைவிட நன்றாகவே வந்திருக்கிறது.